நிலவின் மறுபக்கக் கிண்ணக்குழி யாருடைய பெயரைத் தாங்குகிறது? ‘போஸ்’ குழியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக, ‘நிலவின் மறுபக்கத்தில் இந்தியர்கள்’ என்ற தலைப்பில் ஆறடிக்கு நான்கடி அளவில் ஒரு ஃப்ளெக்ஸ் பலகை தயாரித்தேன். அதில் ‘போஸ்’ என்ற கிண்ணக்குழியின் (விண்கல் மோதி உண்டான வட்டப் பள்ளத்தின்) படத்துக்குப் பக்கத்தில் இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸின் புகைப்படத்தை வைத்து, கீழே ‘பெயரிடப்பட்ட ஆண்டு: 1970’ என்றும் அச்சிட்டிருந்தேன். முதல் நாள் காலையிலேயே, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் பலகையின் முன் நின்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “தம்பி, இவர் 1974 வரைக்கும் உயிரோடு இருந்தாரே, 1970-லேயே எப்படி நிலவுக்குப் போய்ச் சேர்ந்தார்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பலகையை அன்று மாலையே கழற்றிவிட்டேன்.

அந்தக் குழி ஜகதீஷ் சந்திர போஸின் பெயரைத் தாங்குவது என்பதை உறுதி செய்துகொள்ள எனக்கு நான்கு மாலைகள் பிடித்தன. எங்கே பார்க்க வேண்டும், எதை நம்பக் கூடாது என்று முன்பே தெரிந்திருந்தால் அது பத்து நிமிட வேலை. கண்காட்சிப் பலகை, பள்ளிச் செயல்திட்டம், இதழ்க் கட்டுரை, விக்கிப்பீடியாப் பக்கம் என எதற்காக நீங்கள் இந்த வேலையில் இறங்கினாலும் கீழ்க்கண்ட வரிசையில் போனால் எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது.

தொடங்கும் முன்: தேவையானவை, செலவு, நேரம்

இணைய இணைப்புள்ள கணினி ஒன்று போதும். கைபேசியிலும் பார்க்கலாம், ஆனால் வரைபடத்தை நகர்த்திப் பார்க்கும் கட்டத்தில் சிறிய திரை கண்ணைச் சோர்வாக்கிவிடும். அடிப்படை ஆவணங்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. கணக்குத் தொடங்கவோ கடவுச்சொல் வைக்கவோ தேவையில்லை. ஒரு பெயரைச் சரிபார்க்கப் பத்து நிமிடம், படத்தைத் தேர்ந்தெடுத்து அளவு பார்க்க ஒரு மணி நேரம், இரண்டாவது சான்றைத் தேட ஒரு மாலை என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். செலவு என்று உண்மையில் வருவது அச்சுக்குத்தான். எனக்குச் சதுர அடிக்கு 20 ரூபாய் வீதம் 480 ரூபாய் ஆயிற்று. தவறு செய்ததால் 960.

ஒரு தாளை எடுத்து ஐந்து கட்டங்கள் வரைந்து, பெயர், இடம், ஒப்புதல் ஆண்டு, பெயருக்குரியவர், அவர் மறைந்த ஆண்டு என்று தலைப்பிட்டுக்கொள்ளுங்கள். பிறகு செய்வதெல்லாம் இந்தக் கட்டங்களை நிரப்புவதுதான். நான் முதல் முறை கடைசிக் கட்டத்தை வரையவே இல்லை.

1. குழி மறுபக்கத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்

மிக எளிய கேள்வியாகத் தோன்றும் இதில்தான் பலர் முதலில் சறுக்குகிறார்கள். நிலவின் நடுத்தீர்க்கரேகை நம்மை நோக்கிய பக்கத்தின் மையத்தின் வழியே செல்கிறது. அங்கிருந்து கிழக்கே 90 டிகிரி, மேற்கே 90 டிகிரி வரை இருப்பது நாம் பார்க்கும் பக்கம், அதற்கு அப்பால் இருப்பது மறுபக்கம். போஸ் குழி ஏறத்தாழ 54 டிகிரி தெற்கு அட்சரேகையிலும் 169 டிகிரி மேற்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. ஆகவே ஐயத்துக்கு இடமே இல்லை. ஹோமி ஜஹாங்கீர் பாபாவின் பெயரைத் தாங்கும் ‘பாபா’ குழி அதற்குக் கிழக்கே, விளிம்போடு விளிம்பு நெருங்கும் தொலைவில் இருக்கிறது. சிசிர் குமார் மித்ராவின் குழி வடக்கே, ஏறத்தாழ 18 டிகிரி வடக்கு அட்சரேகையில், ‘மாக்’ என்ற பெரிய குழியின் மேற்கு விளிம்பை ஒட்டி அமைந்திருக்கிறது.

வானியற்பியலாளர் மேகநாத் சாகாவின் குழி கொஞ்சம் சிக்கலானது. அது 103 டிகிரி கிழக்கில், கிழக்கு விளிம்பைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இருக்கிறது. நிலவு நம் பார்வைக்குச் சற்றே இப்படியும் அப்படியும் ஆடுவதால், காலப்போக்கில் அதன் பரப்பில் 59 விழுக்காடு வரை புவியிலிருந்து பார்க்க முடிகிறது என்பது உண்மைதான். ஆனால் ‘மறுபக்கம்’ என்ற வரையறை அந்த ஆட்டத்தைப் பொறுத்தது அன்று. 90 டிகிரிக் கோட்டைப் பொறுத்தது.

இந்தியப் பெயர்களைத் தொகுப்பவர்கள் தவறாமல் மறுபக்கப் பட்டியலில் சேர்த்துவிடும் மூன்று பெயர்கள் உண்டு. சர் சி. வி. ராமனின் பெயரைத் தாங்கும் குழியும் விக்ரம் சாராபாயின் பெயரைத் தாங்கும் குழியும் நம்மை நோக்கிய பக்கத்திலேயே இருக்கின்றன. சந்திரயான்-3 இறங்கிய ‘சிவசக்தி’ என்ற இடமும் அப்படியே. அது 69 டிகிரி தெற்கில் இருந்தாலும் தீர்க்கரேகை 32 டிகிரி கிழக்கு மட்டுமே. தென்துருவத்தை ஒட்டிய பகுதி என்று செய்தியில் வந்தாலே மறுபக்கம் என்று எழுதிவிடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ‘இருண்ட பக்கம்’ என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள். அங்கேயும் ஏறத்தாழ இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு; அமாவாசையன்று முழு வெயில் அடிப்பதே அந்தப் பக்கத்தில்தான்.

2. மூலப் பதிவேட்டைத் திறந்து, முழுப் பக்கத்தையும் படியுங்கள்

விண்பொருள்களின் நிலக்கூறுகளுக்கு (குழி, மலை போன்றவற்றுக்கு) பெயர் வைக்கும் பொறுப்பு சர்வதேச வானியல் ஒன்றியத்துடையது. அது ஒப்புதல் அளித்த பெயர்களின் பதிவேட்டை, அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஃபிளாக்ஸ்டாஃப் மையம் இணையத்தில் பராமரிக்கிறது. ‘கெசட்டியர் ஆஃப் பிளானட்டரி நோமன்கிளேச்சர்’ (Gazetteer of Planetary Nomenclature) என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து தேடினால் முதலிலேயே வந்துவிடும். தமிழ் எழுத்தில் தேடினால் கிடைக்காது. பதிவேட்டில் உள்ள பெயர்கள் அனைத்தும் உரோமன் எழுத்தில் உள்ளவை.

தேடலில் முதலில் விண்பொருளாக நிலவைத் தேர்ந்தெடுங்கள். அதைச் செய்யாமல் பெயரை மட்டும் இட்டால் புதன், செவ்வாய் ஆகியவற்றில் உள்ள பெயர்களும் கலந்து வரக்கூடும். ‘போஸ்’ என்று தேடினால் தனிக் குழி ஒன்றும், பெயருக்குப் பின் ஓர் எழுத்து ஒட்டிய சிலவும் பட்டியலில் வரும். நமக்கு வேண்டியது எழுத்து ஒட்டாதது.

அதைச் சொடுக்கியதும் திறக்கும் பக்கத்தில் விட்டம், மையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஒப்புதல் நிலை, ஒப்புதல் நாள், பெயரின் தோற்றம், வரைபடத் தாள் எண், கண்டம், இனம் அல்லது நாடு ஆகிய விவரங்கள் வரிசையாக இருக்கும். இவற்றில் பெயரின் தோற்றம் என்ற ஒரே ஒரு வரிக்காகத்தான் நாம் அங்கே போகிறோம். போஸ் குழிக்கு அந்த வரி ஜகதீஷ் சந்திர என்ற முற்பெயரையும், இந்தியத் தாவரவியலாளர், இயற்பியலாளர் என்ற அறிமுகத்தையும், 1858, 1937 என்ற ஆண்டுகளையும் தருகிறது. குடும்பப்பெயர் தலைப்பிலேயே இருப்பதால் அந்த வரியில் அது திரும்ப வராது. அவசரத்தில் பார்ப்பவர்களுக்கு இது யார் என்றே பிடிபடாமல் போவதற்கு அதுவே காரணம்.

ஒப்புதல் நிலையையும் பாருங்கள். நடப்பிலுள்ள பெயர்கள் ஒன்றியத்தால் ஏற்கப்பட்டவை என்று குறிக்கப்பட்டிருக்கும். கைவிடப்பட்ட பெயர்களும் பதிவேட்டில் அவ்வாறே குறிக்கப்பட்டுத் தங்கியிருக்கின்றன. மறுபக்கத்தின் முதல் படங்களை 1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா-3 எடுத்தபோது, மங்கலான படத்தை நம்பி ‘சோவியத் மலைத்தொடர்’ என்று ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பின்னால் வந்த தெளிவான படங்களில் அங்கே மலையே இல்லை. பழைய நூல்களில் அந்த மலை இன்னும் நிற்கிறது.

தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளும்போது ஓர் எச்சரிக்கை. சில ஆவணங்கள் கிழக்கு நோக்கி 0 முதல் 360 வரை எண்ணுகின்றன. சில 180 வரை எண்ணி மேற்கை எதிர்க்குறியாக எழுதுகின்றன. 169 மேற்கு, 191 கிழக்கு, எதிர்க்குறி 169 ஆகிய மூன்றும் ஒரே இடம். எதிர்க்குறியைக் கவனிக்காமல் 169 கிழக்கு என்று எழுதிவிட்டால், 22 டிகிரி தள்ளி வேறொரு நிலப்பரப்பைக் காட்டிக்கொண்டிருப்பீர்கள். எந்த முறை என்பதைப் பக்கமே சொல்லிவிடும், படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

3. ஒப்புதல் ஆண்டையும் மறைந்த ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய படி இதுதான். மறுபக்கத்தில் உள்ள பெயர்களில் மிகப் பெரும்பகுதி ஒரே தவணையில் வந்தவை. 1970 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் கூடிய ஒன்றியத்தின் பொதுப்பேரவை, மறுபக்கத்துக்கென 513 பெயர்களுக்கு ஒப்புதல் அளித்தது. போஸ், பாபா, சாகா, மித்ரா நால்வரும் அந்தத் தவணையில் போனவர்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரை வைப்பதில்லை என்பது அப்போதும் பொதுவிதி. அதற்கு விலக்காக, அமெரிக்க விண்வெளி வீரர் அறுவர், சோவியத் வீரர் அறுவர் ஆகப் பன்னிருவர் பெயர்களை மட்டும் அந்த ஆண்டு ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது கட்டங்களை நிரப்பிப் பாருங்கள். ஜகதீஷ் சந்திர போஸ் மறைந்தது 1937. சாகா 1956. மித்ரா 1963. பாபா 1966 ஜனவரியில், மோன் பிளாங் மலையில் நேர்ந்த விமான விபத்தில். நால்வருமே 1970-க்கு முன் மறைந்தவர்கள். சத்யேந்திரநாத் போஸ் மறைந்தது 1974 பிப்ரவரியில்; அவர் விண்வெளி வீரரும் அல்லர். ஆகவே பதிவேட்டின் தோற்ற வரி உங்கள் கண்ணில் படாமல் போயிருந்தாலும், ஆண்டு ஒன்றை வைத்தே அவரை விலக்கியிருக்கலாம். அந்த ஆசிரியர் செய்தது இந்தக் கணக்கைத்தான், அதுவும் மனக்கணக்காக.

இதே கணக்கு வேறு கேள்விகளுக்கும் விடை தரும். நோபல் பரிசு பெற்ற ராமனுக்கு அந்தப் பெரிய பட்டியலில் ஏன் இடமில்லை என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர் மறைந்தது 1970 நவம்பர் 21, பேரவை முடிந்து மூன்று மாதம் கழித்து. அவருடைய குழி 1976-இல்தான் ஒப்புதல் பெற்றது. அதற்கு முன் அது ‘ஹெரோடோட்டஸ் டி’ என்று வழங்கியது.

ஆனால் கணக்கை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. ஒருவர் மறைந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்ற இன்றைய விதியை எடுத்துக்கொண்டு பழைய பெயர்களை அளக்க முயன்றால் குழம்பிப்போவீர்கள். விக்ரம் சாராபாய் 1971 டிசம்பர் 30 அன்று மறைந்தார். அவருடைய குழிக்கு 1973-இலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. மூன்றாண்டு விதியை நம்பி, பதிவேட்டில் 1973 என்று இருப்பதை அச்சுப்பிழை என்று திருத்திய ஒரு கட்டுரையை நான் படித்திருக்கிறேன். ‘மறைந்திருக்க வேண்டும்’ என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளுங்கள். எத்தனை ஆண்டு என்பதை அண்மைக்காலப் பெயர்களுக்கு மட்டும் பாருங்கள். கல்பனா சாவ்லா 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலத்தோடு மறைந்தார். அவர் பெயரைத் தாங்கும் ‘சாவ்லா’ குழி 2006-இல் ஒப்புதல் பெற்றது.

4. குடும்பப்பெயர் ஒன்று, ஆள்கள் பலர்

நிலவில் பெரும்பாலும் குடும்பப்பெயர் மட்டுமே நிற்கும். நம்முடைய பழக்கத்தில் முதலெழுத்தும் தன்பெயருமாக ஒருவரை அடையாளம் காண்கிறோம். அங்கே எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு ஒற்றைச் சொல்லை மட்டும் வைக்கிறார்கள். வங்காளத்தில் போஸ், மித்ரா, சாகா என்பவை ஊருக்கு ஊர் இருக்கும் பெயர்கள். கண்காட்சிக்கு வந்த ஒரு மாணவி, மித்ரா என்பது வேதத்தில் வரும் தெய்வம்தானே என்று கேட்டாள். கேள்வியில் குற்றமில்லை, பெயரை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித் தோன்றும். ஆனால் அது வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனிமண்டலத்தை ஆராய்ந்த சிசிர் குமார் மித்ரா.

‘அப்பல்லோ’ இதைவிடப் பெரிய பொறி. மறுபக்கத்தின் தென்பகுதியில் 500 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான அந்தக் குழிக்குக் கிரேக்கத் தெய்வத்தின் பெயர் என்றே எண்ணத் தோன்றும். பதிவேடு சொல்வதோ, அப்பல்லோ விண்பயணங்களின் நினைவாக வைக்கப்பட்டது என்று. அதனால்தான் அப்பல்லோ-8 வீரர்களின் பெயர்களும், சேலஞ்சர், கொலம்பியா விபத்துகளில் உயிரிழந்தவர்களின் பெயர்களும் அதற்குள்ளும் அதைச் சுற்றியும் அமைந்திருக்கின்றன. சாவ்லா குழியும் அங்கேதான்.

ஒரே குடும்பப்பெயர் இரண்டாம் முறை தேவைப்படும்போது, முதலெழுத்தைச் சேர்த்து வேறுபடுத்துகிறார்கள். கொலம்பியா வீரர்களில் ஆண்டர்சன், கிளார்க், பிரவுன் ஆகிய மூவருக்கும் ‘எம். ஆண்டர்சன்’, ‘எல். கிளார்க்’, ‘டி. பிரவுன்’ என்று முதலெழுத்தோடு பெயர் வைக்க நேர்ந்ததற்குக் காரணம், அந்தக் குடும்பப்பெயர்களில் வேறு அறிஞர்களுக்கு முன்பே குழிகள் இருந்தன. ஆகவே முதலெழுத்து இருந்தால் அதை விடாதீர்கள். விட்டால் அது வேறு குழி.

‘இவரா, அவரா’ என்ற கேள்விக்கு ‘இருவரும்’ என்பதே விடையாக இருப்பதும் உண்டு. மறுபக்கத்தில் உள்ள ‘பிளெமிங்’ குழி பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், விண்மீன் நிறமாலைகளை வகைப்படுத்திய வில்லியமினா பிளெமிங் ஆகிய இருவருக்கும் சேர்த்து வைக்கப்பட்டது. தோற்ற வரியைப் பாதி படித்து நிறுத்திய எவரும் ஒருவரை விட்டுவிடுவார்கள், பெரும்பாலும் அந்த அம்மையாரை.

5. பின்னால் எழுத்து ஒட்டிய குழிகள்

‘போஸ் யு’ என்பது போன்ற பெயர்கள், பெரிய குழியைச் சுற்றியுள்ள துணைக்குழிகளுக்கு உரியவை. இவற்றுக்குத் தனியாகப் பெயர்க்காரணம் தேட வேண்டாம். ‘யு’ என்பது எவருடைய முதலெழுத்தும் அன்று. மறுபக்கத்தில் இந்த எழுத்துகள் திசையைச் சொல்கின்றன. ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ இரண்டையும் நீக்கினால் 24 மிஞ்சும். அவற்றை 24 மணிக் கடிகாரம்போலப் பெரிய குழியைச் சுற்றி நிறுத்துகிறார்கள். ‘இசட்’ வடக்கு, ‘எஃப்’ கிழக்கு, ‘எம்’ தெற்கு, தமிழில் ‘டி’ என்றால் இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்து குழப்பும் என்பதால் சொல்கிறேன், ‘எஸ்’ஸுக்கு அடுத்து வரும் ‘டி’ மேற்கு. ஆகவே ‘போஸ் யு’ என்றால் போஸ் குழிக்கு மேற்கே, சற்று வடக்கு சாய்ந்து. நம்மை நோக்கிய பக்கத்தில் இந்தக் கடிகார முறை கிடையாது. அங்கே இதைக் கொண்டுபோய்ப் பொருத்தாதீர்கள்.

பொறி என்னவென்றால், துணைக்குழிகளின் பக்கத்தில் ஒப்புதல் ஆண்டாக 2006 என்று இருக்கும். தேடல் பட்டியலில் தவறான வரியைச் சொடுக்கிவிட்டு, போஸ் குழிக்கு 2006-இல் பெயர் வைத்தார்கள் என்று எழுதிவிடும் வாய்ப்பு நிறையவே உண்டு. அப்படி எழுதினால் மூன்றாம் படியில் சொன்ன கணக்கும் கையைவிட்டுப் போய்விடும், ஏனெனில் 2006-ஐ வைத்துப் பார்த்தால் சத்யேந்திரநாத்தும் தகுதி பெற்றுவிடுவார்.

6. படத்தை எடுங்கள், ஆனால் தட்டையான வரைபடத்தை நம்பாதீர்கள்

நாசாவின் லூனார் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டர் விண்கலம் 2009 முதல் எடுத்துவரும் படங்களை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் ‘குவிக்மேப்’ என்ற பெயரில் உலாவியிலேயே பார்க்கத் தருகிறது. கட்டணம் இல்லை. ஆயத்தொலைகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) இட்டால் நேராக இடத்துக்குப் போய் நிற்கும்.

நான் போய் நின்றபோது போஸ் குழி நீள்வட்டமாகத் தெரிந்தது, கிழக்கு மேற்காக யாரோ இருபுறமும் பிடித்து இழுத்ததுபோல. பலகையில் ‘முட்டை வடிவக் குழி’ என்றுகூட எழுத இருந்தேன். குற்றம் குழியில் இல்லை, தட்டையான வரைபடத்தில் இருந்தது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் சமசதுரக் கட்டங்களாகத் தெரியும் அந்த வரைபடத்தில், நடுக்கோட்டிலிருந்து துருவத்தை நோக்கிப் போகப்போகக் கிழக்கு மேற்கு அகலம் மிகைப்பட்டுத் தெரியும். 54 டிகிரியில் அது ஏறத்தாழ 1.7 மடங்கு. நிலவில் ஒரு டிகிரி அட்சரேகை 30 கிலோமீட்டர். 90 கிலோமீட்டர் அகலமுள்ள போஸ் குழி வடக்கு தெற்காக மூன்று டிகிரியும் கிழக்கு மேற்காக ஐந்து டிகிரியும் பிடிக்கும். வரைபட முறையைத் தென்துருவக் காட்சிக்கோ உருண்டைக் காட்சிக்கோ மாற்றிய உடனே குழி வட்டமாகி, நடுவில் உள்ள சிகரமும் தெளிவாகத் தெரிந்தது.

படத்தை வெட்டி எடுக்கும்போது வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பாருங்கள். கீழிருந்து ஒளி விழும் படத்தில் பள்ளங்கள் எல்லாம் மேடுகளாகத் தெரியும். மனிதக் கண்ணின் பழக்கம் அது. அப்படித் தெரிந்தால் ஒளி மேலிருந்து விழும் வேறொரு படத்தைத் தேடுங்கள். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் வடக்கு கீழே போய்விட்டதைக் குறிப்பிட மறக்காதீர்கள்.

விட்டத்தைத் தசமப் புள்ளியோடு அச்சிடாதீர்கள். பழைய பட்டியல்களிலும் இன்றைய பதிவேட்டிலும் சில கிலோமீட்டர் வேறுபாடு வருகிறது. தேய்ந்த விளிம்பை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது அளப்பவரைப் பொறுத்தது, துல்லியமான உயர அளவீடுகள் வந்த பிறகு எண்கள் திருத்தப்பட்டும் இருக்கின்றன. ‘ஏறத்தாழ 90 கி.மீ.’ என்று எழுதினால் ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இந்த வட்டாரத்தைப் பற்றி எழுதும்போது ‘தென்துருவ-ஐட்கன் வடிநிலம்’ என்ற பெயர் அடிக்கடி வரும். ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த மாபெரும் பள்ளத்துக்குள்தான் போஸும் பாபாவும் இருக்கின்றன. அதன் ஒரு கரையில் தென்துருவமும் எதிர்க்கரையில் ஐட்கன் குழியும் இருப்பதால் ஆய்வாளர்கள் வைத்துக்கொண்ட வழக்குப் பெயர் அது. ‘ஐட்கன் என்பவர் யார்’ என்று கேட்டால், ஐட்கன் குழியின் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: இரட்டை விண்மீன்களை ஆராய்ந்த அமெரிக்க வானியலாளர் இராபர்ட் கிராண்ட் ஐட்கன்.

7. இரண்டாவது சான்று

கண்காட்சிக்குப் பதிவேடு ஒன்றே போதும். அச்சிதழுக்கோ விக்கிப்பீடியாவுக்கோ எழுதினால் இன்னொன்றும் வேண்டும். நாசா 1982-இல் வெளியிட்ட நிலவுப் பெயர்ப் பட்டியல், ஆண்டர்சன், விட்டேக்கர் ஆகிய இருவர் தொகுத்தது, நாசாவின் தொழில்நுட்ப அறிக்கைகளின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1970-ஆம் ஆண்டின் பெயர்களுக்கு நேரடியான ஆவணம் வேண்டுமானால், டொனால்ட் மென்செல் தலைமையிலான பணிக்குழுவின் அறிக்கை 1971-இல் ‘ஸ்பேஸ் சயின்ஸ் ரிவ்யூஸ்’ இதழின் 12-ஆம் தொகுதியில் வெளிவந்தது. வெளியீட்டாளர் தளத்தில் அதற்குப் பணம் கேட்கக்கூடும். அவசரப்பட்டுக் கட்டிவிடாமல் பக்கத்தில் உள்ள கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ அந்த இதழுக்குச் சந்தா இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

ஒரு செய்தி பத்து இணையப் பக்கங்களில் இருந்தால் பத்துச் சான்று என்று எண்ணாதீர்கள். நான் சத்யேந்திரநாத் போஸின் படத்தை எடுத்தது அப்படித்தான். மூன்று பக்கங்களில் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தது. பிழையும் ஒன்றாக இருக்கும்போது ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருக்கிறார் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பதிவேட்டில் தவறு இருப்பதாக உறுதியாகத் தெரிந்தால், அந்தத் தளத்தில் உள்ள தொடர்பு முகவரிக்குச் சான்றோடு எழுதலாம். ஃபிளாக்ஸ்டாஃப் நேரம் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அச்சுக்குக் கொடுக்கும் நாளன்று காலையில் எழுதிவிட்டு மாலைக்குள் பதில் எதிர்பார்க்க முடியாது.

8. ‘நம் ஊர்க்காரர் பெயரை வைக்க முடியுமா?’

பலகையைப் பார்க்கிற பத்துப் பேரில் ஒருவர் கேட்கும் கேள்வி இது. பெயரை யாரும் முன்மொழியலாம். அதற்கான படிவம் பதிவேட்டின் தளத்திலேயே இருக்கிறது, கட்டணம் கிடையாது. ஆனால் அந்த நிலக்கூறுக்குப் பெயர் வைப்பதால் ஆராய்ச்சிக்குப் பயன் இருக்க வேண்டும்; ஆய்வுக் கட்டுரையில் சுட்டிக்காட்டத் தேவைப்படுகிறது என்பதைக் காட்ட வேண்டும். நிலவில் குழிகளுக்குரியவர்கள் மறைந்த அறிவியலாளர்கள், துருவப் பயணிகள் போன்றோர்; மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அரசியல், இராணுவ, சமயத் தொடர்புடைய பெயர்களை ஏற்பதில்லை; பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முந்தைய அரசியல் தலைவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. நூறு மீட்டருக்கும் சிறிய கூறுகளுக்குப் பொதுவாகப் பெயர் வைப்பதில்லை. முன்மொழிவு முதலில் நிலவுக்கான குழுவிடமும் பிறகு கோள் பெயரிடல் பணிக்குழுவின் வாக்கெடுப்புக்கும் போகும். ஒப்புதல் பெற்ற பெயர் தளத்தில் ஏறிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தக்க காரணத்தோடு மறுப்புத் தெரிவிக்கலாம். படிவத்தை அனுப்பிவிட்டு, அடுத்த மாத விழாவுக்கு அழைப்பிதழ் அடித்துவிடாதீர்கள்.

நிலவுப் பள்ளத்துக்கு உங்கள் பெயரையோ குழந்தையின் பெயரையோ சூட்டிச் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் இணையதளங்களும் உண்டு. என் உறவினர் ஒருவர் பேத்தியின் பிறந்தநாளுக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து அப்படி ஒன்று வாங்கினார். தடித்த தாள், தங்க நிற முத்திரை, கீழே ஓர் ஆயத்தொலைவு. அந்த ஆயத்தொலைவைக் குவிக்மேப்பில் இட்டுப் பார்த்தோம். சமவெளியில் போய் நின்றது, அங்கே குறிப்பிடத்தக்க குழி எதுவும் இல்லை. ஒன்றியம் பெயர்களை விற்பதில்லை, வேறு யாருக்கும் அந்த உரிமையைக் கொடுக்கவும் இல்லை. சட்டகம் போட்டு மாட்டிக்கொள்வதில் தடையில்லை. கட்டுரையில் சான்றாகக் காட்டுவதுதான் கூடாது.

9. அச்சுக்குக் கொடுக்கும் நாள்

நாசா படங்களைக் கல்விப் பயன்பாட்டுக்கு எடுத்தாள்வதில் பொதுவாகத் தடையில்லை என்றாலும், ‘படம்: நாசா / கோடார்டு / அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம்’ என்ற வரியைச் சிறிய எழுத்திலாவது போடுங்கள். தமிழ் எழுத்துரு கடைக்காரரின் கணினியில் இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். கோப்பை எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். திரையில் மாதிரியைப் பார்க்காமல் அச்சுப்பொறியை ஓட்டச் சொல்லாதீர்கள். அந்தப் பார்வையின்போது ஐந்து கட்டத் தாள் கையில் இருக்க வேண்டும். படத்தில் இருப்பவரின் முகம், முழுப்பெயர், மறைந்த ஆண்டு, ஒப்புதல் ஆண்டு ஆகிய நான்கையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனது இரண்டாவது பலகை அச்சுக்குக் கொடுத்த அடுத்த நாள் மதியம் தயாரானது. அதில் போஸ் குழிக்குக் கீழே இப்படி அச்சிட்டேன்: ‘போஸ். 54° தெ., 169° மே. விட்டம் ஏறத்தாழ 90 கி.மீ. ஜகதீஷ் சந்திர போஸ் (1858–1937) நினைவாக. ஒப்புதல் 1970.’ ஆசிரியர் மறுபடி வந்து பார்த்துவிட்டு, அடுத்திருந்த மித்ராவின் படத்தைக் காட்டி, “இவர் எந்த வருஷம்?” என்றார். தாளைப் பார்க்காமலே 1963 என்று சொல்ல முடிந்தது.